எந்தத் திசுவில் எந்த வடிவம்? புரதக் கைனேஸ் சி குடும்பம் கற்றுத்தரும் பாடம்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நொதிக் குடும்பம். அதன் உறுப்பினர்கள் அமைப்பில் ஒருவரையொருவர் பெரிதும் ஒத்திருப்பவர்கள். செய்யும் வேதிவினையும் ஒன்றுதான். ஆனால் உடலில் அவர்கள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஒருவர் எங்கும் இருக்கிறார். இன்னொருவர் மூளையையும் தண்டுவடத்தையும் விட்டு வெளியே அதிகம் வருவதில்லை. மற்றொருவர் தசையிலும் வெள்ளணுக்களிலும் மட்டும் மிகுந்திருக்கிறார். இந்தப் பரவலுக்கு என்ன பொருள்? நோயையும் மருந்தையும் பற்றி அது நமக்கு என்ன சொல்கிறது? இவையே இன்றைய கேள்விகள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நொதி என்ன வினை செய்கிறது என்று அறிவது பாதி அறிவுதான். அது எந்தத் திசுவில், எந்தச் செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் இருந்து அதைச் செய்கிறது என்பது மறுபாதி. இந்த மறுபாதியைப் பட்டியல் போடும் வேலையென்று பலர் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒதுக்கியதன் விலையை நோயாளிகள் கொடுத்திருக்கிறார்கள்.

1. பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்

புரதக் கைனேஸ்கள் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தின் மேல் ஏற்றுகின்றன. செரின், திரியோனின், டைரோசின் என்ற மூன்று அமினோ அமிலங்களே பெரும்பாலும் அந்தப் பாஸ்பேட் அமரும் இடங்கள். பாஸ்பேட் ஏறியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது. உறங்கிக் கிடந்த நொதி விழிக்கலாம், விழித்திருந்தது அடங்கலாம், செல்லின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகரலாம். பாஸ்பேட்டை நீக்குவதற்கென்று பாஸ்படேஸ்கள் தனியே இருப்பதால், இந்த மாற்றத்தை வேண்டும்போது திரும்பப் பெறவும் முடியும்.

1955இல் சியாட்டிலில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையின் பாஸ்பாரிலேஸ் நொதியில் இதைக் கண்டார்கள். 1992இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். மனித மரபணுத் தொகுதி படிக்கப்பட்ட பின், 2002இல் வெளியான பட்டியல் 518 புரதக் கைனேஸ்களைக் காட்டியது. நம் மரபணுக்களில் ஏறத்தாழ 2 விழுக்காடு இந்த ஒரே வேலைக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

வேலை ஒன்றே என்றால் ஏன் இத்தனை? வினையூக்கும் பகுதி இவை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மடிந்திருக்கிறது. ஏடிபி வந்து அமரும் பள்ளமும் அப்படியே. எனவே வேறுபாட்டை வேதிவினையில் தேடிப் பயனில்லை. எந்தச் சமிக்ஞைக்கு விழிக்கிறது, எந்தப் புரதத்தோடு சேர்கிறது, எந்தத் திசுவில் உருவாகிறது என்ற மூன்றில்தான் தேட வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டும் குடும்பம் புரதக் கைனேஸ் சி. ஆய்வகங்களில் சொல்வதுபோல் இனி பி.கே.சி. என்றே சொல்கிறேன்.

2. கோபே நகரின் கண்டுபிடிப்பு

ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யசுதோமி நிஷிசுகாவின் குழு 1977இல் இந்த நொதியை அறிவித்தது. மாட்டின் சிறுமூளையிலிருந்தும் எலியின் மூளையிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். கால்சியத்தால் இயங்கும் ஒரு புரதச் சிதைப்பு நொதி வெட்டிவிட்டால்தான் இது செயல்படும் என்று முதலில் கருதினார்கள். பிறகுதான் செல்சவ்வும் கால்சியமும் இருந்தால் வெட்டாமலேயே இயங்கும் என்று தெரிந்தது.

அடுத்த திருப்பம் இன்னும் அழகானது. தூய பாஸ்போலிப்பிடை வைத்தால் நொதி நன்றாக இயங்க நிறைய கால்சியம் தேவைப்பட்டது. மூளையிலிருந்து எடுத்த, முழுதும் தூய்மையாக்கப்படாத கொழுப்பை வைத்தாலோ மிகக் குறைந்த கால்சியமே போதுமாயிற்று. அந்தக் கொழுப்பில் கலந்திருந்த பொருள்தான் காரணம் என்று உணர்ந்து தேடியபோது டைஅசைல்கிளிசரால் அகப்பட்டது. ஹார்மோனோ நரம்புச் செய்தியோ செல்லின் வாயிலைத் தட்டும்போது செல்சவ்வில் சற்று நேரத்துக்கு உருவாகி மறையும் கொழுப்பு அது. வெளியிலிருந்து வரும் செய்தி உள்ளே போகும் ஒரு பெரிய வழி 1979இல் இப்படித் துலங்கியது.

இங்கே நமக்குப் பழக்கமான ஒரு செடி கதைக்குள் வருகிறது. நேர்வாளம். சித்த மருத்துவத்தில் கடும் பேதி மருந்தாக அறியப்பட்ட விதை. சுத்தி செய்யாமல் பயன்படுத்தக்கூடாது என்று வைத்தியர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். மிகக் குறைந்த அளவு புற்றுநோய்க் காரணியைத் தடவிய எலியின் தோலில், இந்த விதையின் எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவினால் கட்டிகள் பெருகுவதை 1940களின் தொடக்கத்தில் ஆய்வாளர் பெரன்பிளம் காட்டினார். 1960களில் ஜெர்மனியின் ஹெக்கரும் அமெரிக்காவின் வான் டியூரனும் அதிலுள்ள வீரியப் பொருள்களான போர்பால் எஸ்டர்களைத் தனித்தனியே பிரித்தார்கள். அவை உடலில் எதைப் பிடிக்கின்றன என்பது மட்டும் நெடுநாள் புதிராக இருந்தது. 1982இல் நிஷிசுகா குழு அதற்கு விடை தந்தது: போர்பால் எஸ்டர் டைஅசைல்கிளிசராலின் இடத்தில் அமர்ந்து பி.கே.சி.யை நேரடியாகவே தூண்டுகிறது. டைஅசைல்கிளிசரால் விரைவில் சிதைந்துவிடும். போர்பால் எஸ்டர் எளிதில் சிதையாது. தூண்டல் நின்றுபோவதில்லை.

அதன்பின் உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தப் பொருளைத் தங்களிடமிருந்த எல்லாச் செல்களிலும் ஊற்றிப் பார்த்தன. இரத்தத் தட்டணுக்கள் தம் உள்ளிருப்பை வெளியேற்றின. டி செல்கள், கால்சியத்தை உள்ளே விடும் பொருளும் சேர்ந்தபோது, பெருகத் தொடங்கின. தோல் தடித்தது. எச்.எல்.60 என்ற இரத்தப் புற்றுச் செல்களோ பெருக்கத்தை நிறுத்தி, மேக்ரோபேஜ் போல முதிர்ந்தன. கொடுத்த பொருள் ஒன்று, அது சென்று பிடித்த நொதியும் ஒன்று என்றே எண்ணினார்கள். பதில்கள் மட்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன. நொதி உண்மையில் ஒன்றுதானா என்ற ஐயம் எழுந்தது இயல்பே.

3. ஒன்று பலவாயிற்று

மூளைச் சாற்றை ஹைட்ராக்சிஅப்பட்டைட் நிரப்பிய குழாயில் ஏற்றி, பாஸ்பேட் உப்பின் செறிவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால், அதுவரை ஒரே நொதி என்று கருதப்பட்டது மூன்று தனித்தனி முகடுகளாகப் பிரிந்து வெளியேறியது. பிற உறுப்புகளின் சாற்றை ஏற்றியபோது முதல் முகடு காணாமல் போனது. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மட்டுமே உரிய ஒரு வடிவம் இருக்கிறது என்பது அந்த வரைபடத்திலேயே தெரிந்துவிட்டது.

1986இல் மரபணு வரிசை வெளிவந்தது. மாடு, எலி, மனிதன் ஆகியவற்றிலிருந்து ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. மனிதரில் இவை முறையே 17, 16, 19ஆம் குரோமோசோம்களில் இருக்கின்றன. குழாயில் வந்த முதல் முகடு காமா, இரண்டாவது பீட்டா, மூன்றாவது ஆல்பா என்று பொருத்திப் பார்த்தார்கள். பீட்டா மரபணு மட்டும், ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் விதத்தைப் பொறுத்து, வால்முனையில் மட்டும் வேறுபடும் பீட்டா ஒன்று, பீட்டா இரண்டு என்ற இரு புரதங்களைத் தருகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் டெல்டா, எப்சிலான், ஸீட்டா, ஈட்டா, தீட்டா, அயோட்டா என்று குடும்பம் பெருகியது. இன்றைய கணக்கில் ஒன்பது மரபணுக்கள், பத்து முதன்மை வடிவங்கள். எதற்கு விழிக்கின்றன என்பதை வைத்து இவற்றை மூன்று பிரிவுகளாகப் பிரிக்கிறோம். ஆல்பா, இரு பீட்டாக்கள், காமா ஆகியவற்றுக்குக் கால்சியமும் வேண்டும், டைஅசைல்கிளிசராலும் வேண்டும். டெல்டா, எப்சிலான், ஈட்டா, தீட்டா ஆகியவற்றுக்குக் கால்சியம் தேவையில்லை, டைஅசைல்கிளிசரால் போதும். ஸீட்டாவுக்கும் அயோட்டாவுக்கும் இரண்டுமே தேவையில்லை. பிற புரதங்களோடு சேர்வதாலேயே அவை நெறிப்படுகின்றன.

4. உடலின் வரைபடம்

இனி வரைபடத்துக்கு வருவோம். ஆல்பாவும் டெல்டாவும் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் உண்டு. அயோட்டாவும் பரவலாகக் காணப்படுவதே. பீட்டா மூளையிலும், மண்ணீரல் போன்ற நிணநீர் உறுப்புகளிலும் மிகுதி. எலிகளில் பீட்டாவை நீக்கியபோது பி செல்களின் நோய் எதிர்ப்பு குன்றியது என்று 1996இல் காட்டப்பட்டது. காமா மைய நரம்பு மண்டலத்துக்கு உரியது. எப்சிலான் மூளையில் மிகுதி. இதயத்திலும் அது முக்கியப் பங்கு வகிக்கிறது. ஈட்டா தோல், நுரையீரல் போன்ற புறத்திசுக்களில் மிகுந்திருக்கிறது. தீட்டா எலும்புத் தசையிலும் டி செல்களிலும் தட்டணுக்களிலும் மிகுதி.

மாணவர்கள் இதை அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் இந்த அட்டவணை எப்படி உருவாயிற்று என்று தெரிந்தால்தான் இதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். தொடக்கக் காலத்தில் உறுப்பை முழுதாக அரைத்து, சாற்றைப் பிரித்து, நொதியின் செயலை அளந்தார்கள். எல்லா வடிவங்களும் ஒரே வினையைச் செய்வதால் கிடைத்தது கூட்டுத்தொகை மட்டுமே. பிறகு தூது ஆர்.என்.ஏ.வை அளந்தார்கள். ஆர்.என்.ஏ. நிறைய இருந்தால் புரதமும் அதே அளவு இருக்கும் என்று உறுதி இல்லை. அடுத்து எதிர்ப்புரதங்கள் வந்தன. அவற்றிலும் கவனம் தேவைப்பட்டது. ஸீட்டாவுக்கென்று தயாரித்த சில எதிர்ப்புரதங்கள் ஆல்பாவையும் பிடித்துக் காட்டின. இல்லாத இடத்தில் இருப்பதாகத் தோற்றம் தந்தன. அந்த மரபணு நீக்கப்பட்ட எலியின் திசுவில் சாயம் ஏறாமல் இருக்கிறதா என்று சோதித்த பிறகே இன்று ஓர் எதிர்ப்புரதத்தை முழுதாக நம்புகிறோம்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. உறுப்பு என்பது ஒரே வகைச் செல்லால் ஆனதன்று. கல்லீரலை அரைத்தால் கல்லீரல் செல்லும் வரும், இரத்தக் குழாயின் உட்சுவரும் வரும், அதிலே தங்கியிருந்த வெள்ளணுவும் வரும். அரைத்த சாற்றில் ஒரு வடிவம் குறைவாகத் தெரிந்தால், அது எல்லாச் செல்லிலும் சிறிது சிறிதாக இருக்கலாம். நூறில் ஒரு செல்லில் நிறைந்தும் இருக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறு செய்திகள்.

விழித்திரை இதற்கு நல்ல சான்று. ஆல்பா எங்கும் இருப்பது என்று அட்டவணை சொல்கிறது. பாலூட்டியின் விழித்திரையை மெல்லியதாக வெட்டி ஆல்பாவுக்கான எதிர்ப்புரதத்தால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். கோல் செல்களிலிருந்து செய்தி வாங்கும் இருமுனை நரம்புச் செல்கள் தனித்து ஒளிரும். உள் அணுக்கரு அடுக்கின் மேல் விளிம்பில் அவற்றின் உடல்கள். அங்கிருந்து கீழிறங்கும் மெல்லிய நார்கள். கேங்லியான் செல்களுக்கு அருகே திரண்டு நிற்கும் முனைகள். மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்ப்பதற்கு உதவும் செல்கள் இவை. இந்தச் செல்களை அடையாளம் காண விழித்திரை ஆய்வாளர்கள் உலகெங்கும் இன்றும் இந்தச் சாயத்தையே பயன்படுத்துகிறார்கள். 'எங்கும் உண்டு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட அட்டவணைக்குள் இவ்வளவு நுட்பம் ஒளிந்திருக்கிறது.

5. பர்க்கின்ஜி செல் சொல்வது

இன்னும் நெருங்கிப் போவோம். சிறுமூளையின் பர்க்கின்ஜி செல்கள் விசிறிபோல் கிளை விரிந்தவை. உடல் அசைவின் ஒழுங்கைக் காப்பவை. காமாவுக்குச் சாயமேற்றினால் இந்தச் செல்லின் உடல், கிளைகள், வெளிச்செல்லும் நார் எல்லாம் நிறம் கொள்ளும். பக்கத்திலேயே எண்ணற்ற சிறு மணிச்செல்கள் நிறமில்லாமல் நிற்கும். எலியில் காமாவின் அளவு பிறந்த பிறகு, சிறுமூளை முதிரும் நாள்களில்தான் கூடுகிறது.

இவ்வளவு மிகுதியாக இருக்கும் காமாவை நீக்கினால் என்ன ஆகும்? 1990களில் நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் உயிரோடு இருந்தன. அசைவில் ஒழுங்கு குறைந்தது. சாதாரணமாக, முதிர்ந்த பர்க்கின்ஜி செல் ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஏறுநார்தான் வந்து இணைந்திருக்கும். குழவிப் பருவத்தில் பல நார்கள் இணைந்திருந்து, பின் ஒன்று மட்டும் நிலைக்க மற்றவை விலகும். காமா இல்லாத எலிகளில் பல செல்களில் அந்த விலகல் முழுமையடையவில்லை. வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் தேவையற்ற இணைப்பைக் களைவதில் காமாவுக்குப் பங்கு இருக்கிறது.

ஆனால் அதே செல்லில் நடக்கும் இன்னொரு முக்கிய நிகழ்வான நீண்டகாலத் தாழ்த்தல், அதாவது நரம்பிணைப்பின் வலிமை நீடித்துக் குறைவது, காமா இல்லாமலும் நடந்தது. அதற்குப் பி.கே.சி. தேவை என்பது உறுதியாகத் தெரியும். அப்படியானால் எந்த வடிவம்? 2004இல் விடை கிடைத்தது: ஆல்பா. ஆல்பாவின் வால்முனையில் உள்ள சில அமினோ அமிலங்கள் நரம்பிணைப்பின் தாங்கு புரதங்களோடு பிணையக்கூடியவை. காமாவில் அந்த முனை இல்லை. காமாவோடு ஒப்பிட்டால் அந்தச் செல்லில் ஆல்பா குறைவு. ஆனால் சரியான இடத்தில் போய் நிற்பது அதுதான்.

இந்த ஓர் ஆய்வு நம் துறைக்கு இரண்டு பாடம் தந்தது. மிகுதியாக இருப்பதே முக்கியமானது என்று கொள்ளக்கூடாது என்பது முதல் பாடம். திசு, செல் என்ற இரண்டு படிகளோடு நின்றுவிடாமல், செல்லுக்குள் எங்கே என்ற மூன்றாம் படிக்கும் போக வேண்டும் என்பது இரண்டாம் பாடம். பி.கே.சி.யைச் செல்லின் குறிப்பிட்ட இடத்தில் பிடித்து வைக்கும் நங்கூரப் புரதங்கள் இருப்பதை 1990களின் தொடக்கத்திலேயே டேரியா மோக்லி-ரோசன் காட்டியிருந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

காமாவின் பரவல் மனித நோயிலும் எதிரொலிக்கிறது. சிறுமூளை மெல்ல மெல்ல நலிந்து, நடையும் பேச்சும் தள்ளாடும் ஒரு பரம்பரை நோய்க்கு, 14ஆம் வகை முள்ளந்தண்டு-சிறுமூளைத் தள்ளாட்ட நோய்க்கு, காமாவின் மரபணுவில் ஏற்படும் பிழையே காரணம் என்று 2003இல் தெரிந்தது. அந்தப் பிழை உடலின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. துன்பம் சிறுமூளையில் குவிகிறது. புரதம் எங்கே உருவாகிறதோ அங்கேதான் மரபணுப் பிழை நோயாக மாறும்.

6. ஒரே வடிவம், இரு திசு

தீட்டாவின் கதை வேறு. ஒரே வடிவம் இரண்டு திசுக்களில் இரண்டு வேலை செய்வதற்கு அது எடுத்துக்காட்டு. டி செல் ஒன்று, அந்நியப் பொருளைக் காட்டும் செல்லோடு ஒட்டி நிற்கும்போது, அந்தத் தொடுபரப்பின் நடுமையத்தில் தீட்டா போய்க் குவிவதை 1997இல் கண்டார்கள். செல்லில் பிற வடிவங்கள் இருந்தும் இதுவே அங்கே திரண்டது. தீட்டாவை நீக்கிய எலிகளில் முதிர்ந்த டி செல்கள் சரியாகத் தூண்டப்படவில்லை என்று 2000இல் காட்டினார்கள்.

தசையில் இதே தீட்டா கொழுப்பின் தூதாகச் செயல்படுகிறது. தசைக்குள் டைஅசைல்கிளிசரால் சேரும்போது தீட்டா விழித்து, இன்சுலின் செய்தியின் முதல் கண்ணிகளைத் தளர்த்துகிறது; சர்க்கரை தசைக்குள் போவது குறைகிறது. தீட்டா இல்லாத எலிகளுக்குச் சில மணி நேரம் கொழுப்பை இரத்தத்தில் செலுத்தியபோது இந்தத் தளர்வு ஏற்படவில்லை என்று 2004இல் ஒரு குழு கண்டது. அப்படியானால் தீட்டாவைத் தடுத்தால் நீரிழிவு குறையுமே என்று தோன்றும். வேறொரு ஆய்வில் இதே போன்ற எலிகளுக்கு நெடுநாள் கொழுப்புணவு கொடுத்தபோது அவை இன்னும் பருத்தன. இன்சுலினுக்கான எதிர்வினையும் குன்றியது. நோய் எதிர்ப்புக்கும் தசைக்கும் பொதுவான ஒரு வடிவத்தை உடல் முழுவதும் தடுத்தால் என்னென்ன நேரும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதன்று.

7. மருந்துகள் தந்த படிப்பினை

நீரிழிவு நம் வீடுகளில் எவ்வளவு பரவலானது என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே பீட்டாவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுகிறேன். 1992இல் பாஸ்டனின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்து ஆய்வாளர்கள், நீரிழிவு வந்த எலிகளின் இதயத்திலும் பெருந்தமனியிலும் பீட்டா இரண்டு மட்டும் தனித்துக் கூடியிருப்பதைக் கண்டார்கள். வேறு வடிவமும் இருந்த அதே திசுவில், உயர்ந்த சர்க்கரை ஒரு வடிவத்தை மட்டும் கிளப்பியது. திசுப் பரவல் என்பது நிலையான படமன்று, நோயில் மாறும் என்பதற்கு இது சான்று.

இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ரூபாக்சிஸ்டாரின் என்ற, பீட்டாவைத் தடுக்கும் மாத்திரை பிறந்தது. நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்ட 685 பேரிடம் மூன்றாண்டு நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. நீடித்த பார்வைக் குறைவு, வெற்று மாத்திரை உண்டவர்களில் 9.1 விழுக்காட்டினருக்கும், மருந்துண்டவர்களில் 5.5 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. பலன் உண்மையானது, ஆனால் சிறிது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்னோர் ஆய்வு கேட்டது. மருந்து சந்தைக்கு வரவில்லை. ஆயினும் திசுவை உற்று நோக்கி, வடிவத்தைச் சரியாகத் தேர்ந்து, இலக்கை நோக்கிப் போன முயற்சி இது. இந்தக் குடும்பத்துக்கென உருவான மருந்துகளில் இவ்வளவு தூரம் வந்தவை மிகச் சில.

புற்றுநோயில் நடந்தது இதற்கு நேர்மாறு. போர்பால் எஸ்டர் கட்டியை வளர்க்கிறது, அது பி.கே.சி.யைத் தூண்டுகிறது, ஆகவே பி.கே.சி.யைத் தடுத்தால் புற்று அடங்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆல்பாவின் ஆர்.என்.ஏ.வை அடைக்கும் அப்ரினோகார்சன் நுரையீரல் புற்றில் தோற்றது. பீட்டாவைத் தடுக்கும் என்சாஸ்டாரின் லிம்போமாவில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 2015இல் கலிபோர்னியாவில் அலெக்சாண்ட்ரா நியூட்டனின் குழு, மனிதப் புற்றுக்கட்டிகளில் காணப்படும் பி.கே.சி. மாற்றங்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தது. பெரும்பாலானவை நொதியின் செயலைக் குறைத்தன அல்லது அழித்தன. பல இடங்களில் பி.கே.சி. புற்றை அடக்கும் பக்கத்தில்தான் நிற்கிறது. போர்பால் எஸ்டரின் நீடித்த தூண்டல் நொதியை இறுதியில் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது என்பது முன்பே தெரிந்த செய்தி. அதன் முழுப்பொருள் புரிய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ நோயாளிகள் தங்கள் கடைசி நம்பிக்கையாக அந்த மருந்துகளை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இதை எண்ணும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது.

மிடோஸ்டாரின் என்ற மருந்தும் பி.கே.சி.யைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. 2017இல் அது ஏற்கப்பட்டது, எப்.எல்.டி.3 என்ற வேறொரு கைனேஸ் பிழைபட்ட இரத்தப் புற்றுக்கு. ஏடிபிப் பள்ளம் எல்லாக் கைனேஸ்களிலும் ஒத்திருப்பதால் மருந்து தான் தேடாத இலக்கையும் பிடித்தது. இந்த முறை அது நோயாளிக்கு நன்மையாக முடிந்தது.

இதயத்துக்கும் ஒரு சொல். இரத்த ஓட்டம் தடைபட்டுத் திரும்பும்போது, எப்சிலான் இதயச் செல்லைக் காக்கிறது, டெல்டா கெடுக்கிறது என்று 2001இல் விலங்குகளில் காட்டினார்கள். ஒரே செல்லில், ஒரே கொழுப்புத் தூதுக்கு விழிக்கும் இரண்டு உறவினர் எதிரெதிர் திசையில் இழுக்கிறார்கள். டெல்டாவைத் தடுக்கும் பெப்டைடு மருந்து, மாரடைப்பு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டபோது பலன் தெரியவில்லை. அதே டெல்டா பிறவியிலேயே இல்லாத சில குழந்தைகளுக்கு, பி செல்கள் கட்டுமீறி, லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருவதை 2013இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இதயத்தில் தீங்கு செய்வதாகக் கருதப்பட்டது, பி செல்லில் காவலாக இருக்கிறது.

8. ஒருவர் இல்லாதபோது

கடைசியாக ஒரு சிக்கல். ஸீட்டா மரபணுவின் உள்ளே இருக்கும் இன்னொரு தொடக்கப் புள்ளியிலிருந்து, மூளையில் மட்டும், கட்டுப்படுத்தும் பகுதி இல்லாத குறுகிய வடிவம் ஒன்று உருவாகிறது. பி.கே.எம். ஸீட்டா என்று பெயர். எப்போதும் விழித்திருக்கும் இந்த வடிவமே நீண்டகால நினைவைத் தாங்குகிறது என்று நியூயார்க்கின் டாட் சாக்டர் வாதிட்டார். அதைத் தடுக்கும் பெப்டைடை எலியின் ஹிப்போகேம்பசில் செலுத்தியபோது, ஏற்கெனவே கற்ற இட நினைவு அழிந்தது என்ற 2006ஆம் ஆண்டு முடிவு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 2013இல் இரு குழுக்கள் அந்த மரபணுவையே நீக்கின. எலிகள் நன்றாகக் கற்றன, நினைவில் வைத்தன. கோட்பாடு சரிந்தது என்றார்கள். 2016இல் சாக்டர் குழு, நீக்கப்பட்ட எலிகளில் நெருங்கிய உறவான அயோட்டா அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது என்று சான்று காட்டியது.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்வி எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும். ஒரு வடிவத்தை நீக்கி ஒன்றும் ஆகவில்லை என்றால், அது தேவையற்றது என்றா பொருள், உறவினர் ஈடுசெய்தார் என்றா பொருள்? அதே செல்லில் வேறு எந்த வடிவங்கள் இருக்கின்றன என்ற முழுப் பட்டியல் இல்லாமல் விடை சொல்ல முடியாது.

9. மாணவர்களுக்கு

நண்பர்களே, இன்று ஒற்றைச் செல் அளவில் ஆர்.என்.ஏ.வைப் படிக்கிறோம். திசு வெட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் புரதம் என்று காண்கிறோம். மனிதப் புரத வரைபடத்தை எவரும் கணினியில் திறந்து பார்க்கலாம். என் தலைமுறை கனவு கண்ட கருவிகள் இவை. ஆயினும் எந்தத் திசுவில் எந்த வடிவம் என்று நிதானமாகத் தேடும் ஆய்வுக்கு நிதி கேட்டால், புதிய வழிமுறை எதையும் இது கண்டுபிடிக்கவில்லையே என்ற பதில் வருகிறது. இந்த மனப்போக்கு மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பர்க்கின்ஜி செல்லில் ஆல்பாவைத் தேடியவர்களும், நீரிழிவு எலியின் தமனியில் பீட்டாவை அளந்தவர்களும் செய்தது அந்த வேலையைத்தான். வழிமுறை அதிலிருந்தே பிறந்தது.

ஒரு கைனேஸைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். எந்த வடிவம்? எந்தச் செல், அதில் எந்தப் பகுதி? உடல் நலத்தில் அளந்தார்களா, நோயிலா? அந்த வடிவம் இல்லாதபோது அருகில் இருக்கும் உறவினர் யார்? இந்த நான்குக்கும் விடை இல்லாத இடத்தில் மருந்தைப் பற்றிய வாக்குறுதியை நம்ப வேண்டாம். விடை இல்லையென்றால், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதையே உங்கள் ஆய்வாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆகச் சிறிய வேலையென்று யார் சொன்னாலும் பொருட்படுத்தாதீர்கள். அடுத்த மருந்து யாருக்குப் பலன் தரும், யாரைக் கெடுக்கும் என்பதை முடிவு செய்வது அந்த வேலைதான்.